நிரலுக்குள் எழுதிய முகவரி

மலேசியாவின் கிள்ளான் நகரில், சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் நிலையத்தில் காலையிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுகள் திரைக்கு வரவில்லை. அந்த மென்பொருளை எழுதிய ருக்சார், பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில் தவித்துக்கொண்டிருந்தாள். ஆய்வகம் தன் இணையச் சேவையை வேறு முகவரிக்கு மாற்றிவிட்டது. மென்பொருள் அந்த முகவரியைப் படிக்கும் அமைப்புக் கோப்பில் அவள் புதிய முகவரியை எழுத எழுத, நிலையத்துக் கணினி பழைய கோப்பையே திரும்பக் கொண்டுவந்தது.

நிலையத்துத் தாதி வாணி போனில் அழுதாள். "அக்கா, தம்புசாமி அங்கிளுக்கு மூச்சு வாங்குது லா. ரத்தத்துல பொட்டாசியம் எவ்வளவுன்னு தெரியாம மெஷின்ல எந்தத் திரவம் போடுறதுன்னு டாக்டர் கேக்குறாரு."

"லேப்புக்கு போன் போட்டியா?"

"யாருமே எடுக்கல."

இனி கோப்பை நம்பிப் பயனில்லை. ருக்சார் புதிய முகவரியையும் ஆய்வகச் சேவைக்குள் நுழையும் பாதுகாப்பு முறையையும் நிரலுக்குள்ளேயே எழுதினாள். கோப்பைப் படிக்கும் வரிகளை அழித்தாள். சோதிக்க நேரமில்லாமல் அப்படியே நிலையத்துக் கணினிக்கு அனுப்பினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"வந்துடுச்சு அக்கா! பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு, ரொம்ப அதிகம்!"

பின்னால் டாக்டர் சத்தம் போடுவதும் கட்டிலை இழுப்பதும் கேட்டன.

ஒரு மணி நேரம் கழித்து வாணி மறுபடி அழைத்தாள். "அங்கிள் எந்திரிச்சு உக்காந்து, குடிக்கக் கோப்பி கேக்குறாரு அக்கா."

ருக்சார் மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள்.