மையத்து இறங்கிய வீடு

"ஏலே, தலமாட்ட ஒசத்திப் புடி, மழ வாயில விழுது!" என்று தம்பி ஷாகிரை அதட்டிக்கொண்டே மாஷிதா கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்கி வந்தாள். கட்டிலில் அவர்கள் வாப்பா சலாஹுதீன். மூச்சு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

போன புயலில் கடல் அவர்களின் குடிசை வரிசையை வழித்துக்கொண்டு போனது. வீடில்லாதவர்களுக்கென்று மாடித்தெருக் கடைசியில் ஜமாஅத்தார் எட்டு வீடுகள் கட்டினார்கள். கட்டி என்ன புண்ணியம்? தெருவில் பாதி மாடிகளில் ஆளே இல்லை. எல்லாரும் துபாயில், புறாதான் குடித்தனம் நடத்துகிறது. ஆனாலும், "மீன் நாத்தம் அடிக்கும், தெரு மதிப்புப் போயிரும்" என்று தெருக்காரர்கள் எட்டுக்கும் பூட்டுப் போட்டார்கள். சாவி தெருப் பெரியவர் அகமது கபீர் ஹாஜியாரிடம். இவர்கள் ஒரு வருடமாகக் கடலோரத் தார்ப்பாயில் கிடந்தார்கள்.

இன்று தார்ப்பாய்க்குள் தண்ணீர் ஏறியதும் மாஷிதா ஹாஜியார் வாசலில் போய் நின்று அழுதாள். அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை.

"கொண்டு போயிக் கெடத்தும்மா. ஆனா மையத்து எடுத்ததும் சாவி எங்கைக்கு வந்துரணும். நாளைக்கி எல்லாரும் வந்து நின்னா, தெருவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

வீட்டுக்குள் சுண்ணாம்பு வாடை. பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. மழை எங்கோ தூரத்தில் பெய்வதுபோலக் கேட்டது. வாப்பா கண் திறந்து முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கர வந்துருச்சா?"

"வந்துருச்சு வாப்பா."

"அப்ப நங்கூரத்தப் போடச் சொல்லு."

உம்மா நஃபீசா அவர் காதோரம் கலிமா சொன்னாள். மதியம் லுஹர் தொழுகைக்கு முன்பே அடங்கிவிட்டார்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு தெருவே திரண்டது. மையத்துக்குத் தோள் கொடுப்பதில் மாடித்தெருக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. குடியிருக்க வந்தால்தான் கசக்கும். ஹாஜியாரே மையத்துக் கட்டிலின் முன்கட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் மனைவி சூஃபியா, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து உம்மாவுக்கு உடுத்திவிட்டு, உள்வாசலில் திரை கட்டினாள்.

அடக்கம் முடிந்து ஹாஜியார் நனைந்த ஜிப்பாவோடு வந்து நின்றார். மாஷிதா சாவியை எடுத்தாள். வாப்பாவுக்காக அழுவதா, திரும்பத் தார்ப்பாய்க்குப் போவதை நினைத்து அழுவதா என்று தெரியவில்லை. பாழாய்ப்போன ஆத்திரம் வேறு. சாவியை நீட்டினாள். வாங்க ஹாஜியாரும் கையை நீட்டினார்.

"அதெப்படி?" திரைக்குப் பின்னால் இருந்து சூஃபியாவின் குரல். "நஃபீசா இத்தா இருக்கா. மாப்புள மவுத்தான வீட்ட விட்டு எறங்கலாமா? நாலு மாசம் பத்து நாளு. அவள மழையில எறக்கி விட்டு அந்தப் பாவத்த நீங்க சொமப்பீகளோ?"

ஹாஜியார் திரையைப் பார்த்தார். இத்தாவில் இருப்பவளை வேற்று ஆண் பார்க்கக் கூடாது; அதைத் தாண்டி ஓர் அடி வைக்க அவரால் ஆகாது.

"தெருவுல கேப்பாகளே..."

"மார்க்கம்னு சொல்லுங்க. இத்தா முடியட்டும், அப்பறம் கேக்கச் சொல்லுங்க. நானே பதில் சொல்லுறேன்."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவர் குடையை விரித்தார். படியிறங்கியவர் திரும்பாமலே, "இங்கன கரண்டு இல்ல. வெளக்கு குடுத்து விடுறேன்" என்றார்.

சூஃபியாவும் அவர் பின்னாலேயே போனாள். சாவி மாஷிதாவின் கையிலேயே இருந்தது.

"மாஷிதா," உள்ளே இருந்து உம்மா கூப்பிட்டாள். "சாரல் அடிக்கிது, கதவச் சாத்து."

அவள் ஒரு கதவைச் சாத்தி ஒரு வருடமாகிறது. மாஷிதா இருட்டில் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று தடவித் தேடினாள்.