சீசாவில் சிரித்த பெரியம்மா

மொர்லான் ரம் சீசாவில் கரும்புக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாளே, அவள் என் பெரியம்மா எர்மினி. அந்தச் சீசா பாரிசுக்குப் போனது, ஆப்பிரிக்காவுக்குப் போனது. பெரியம்மா எங்கள் மரி கலாந்த் தீவை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை.

அவள் அப்பா விட்டுப்போனது ஒரு சரிவு நிலம், அதில் கரும்பு, மேலே ஒரு ஊற்று. அனாட்டோல் மொர்லான் துணிக்கடைக்காரர் மகன். வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டுகிற ஆள். நொடித்துப்போன ஒரு சர்க்கரை ஆலையை ஏலம் விட்டபோது செம்புக் கொப்பரை ஒன்றை எடுத்து மாட்டுவண்டியில் ஏற்றி நேரே பெரியம்மாவிடம் வந்தான்.

"கொப்பரை என்கிட்ட இருக்கு. கரும்பும் தண்ணியும் உன்கிட்ட இருக்கு. தனித்தனியா இருந்து என்ன பண்ணப் போறோம்?" என்றானாம். அவன் அவளைக் கேட்ட விதம் அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மாட்டை ஓட்டிக் கரும்பு பிழிந்தது அவள். சாறு புளிக்கும் தொட்டியில் காதை வைத்து நுரைச் சத்தம் கேட்டது அவள். கொப்பரையில் காய்ச்சும்போது முதலில் வடிகிற விஷத்தை மண்ணில் கொட்டிவிட்டு, நல்லதை மட்டும் சுரைக்குடுக்கையில் பிடித்துச் சனிக்கிழமைச் சந்தையில் விற்றதும் அவள்தான். அனாட்டோல் வியாபாரம் பேசினான். பிரான்சில் முதல் உலகப் போர் வந்தது. பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்களுக்கு ரம் தேவைப்பட்டது. எங்கள் பையன்கள் பலர் அங்கே போய்த் திரும்பவில்லை. அனாட்டோலின் பீப்பாய்கள் போய்ப் பணமாகத் திரும்பின. கல்லில் வீடு கட்டினான். அதற்குள் நிலம் அவன் பெயருக்கு மாறியிருந்தது. எப்போது மாறியது என்று பெரியம்மாவுக்கே சரியாகத் தெரியாது. அவன் தாளை நீட்டியபோதெல்லாம் அவள் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறாள்.

அவர்களுக்கு ஒரு பையன் பிறந்திருந்தான். ஃபெலிசியேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அனாட்டோல் சொன்னான்.

"எர்மினி, நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பையன் ஓடியாடுற வயசுல இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா உனக்கு?"

"உன்னை இல்ல."

அவள் நின்றபடியே இருந்தாள். அவன் மீனில் முள் எடுத்துக்கொண்டே பேசினான். "பக்கத்துப் பெரிய தீவுல பத்திரம் எழுதுற நோட்டரி மக. க்ளோதில்ட்னு பேரு. இனிமே பாங்க் ஆளுங்க வருவாங்க, கப்பல் ஆளுங்க வருவாங்க. வந்தா நாற்காலி போட்டு உக்கார வைக்க ஒருத்தி வேணும்ல?"

"நாற்காலி போட எனக்குத் தெரியாதா?"

"போடத் தெரியும். உக்காரத் தெரியாது."

கல்யாணச் சமையலையும் பெரியம்மாதான் செய்தாள். வேறு யார் செய்தாலும் நண்டுச்சோறு அந்தப் பதத்துக்கு வராது என்று அனாட்டோல் சொல்லிவிட்டான். சமைத்து முடித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையனைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் பின்னாலிருந்த கூலிக் குடிசைக்குப் போனாள்.

க்ளோதில்ட் அம்மாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு அவளே புருஷனிடம் சொன்னாள். "அந்தப் பையனைக் கொண்டு வாங்க. மூக்கு உங்க மூக்குதான். நிறம்தான் கொஞ்சம் கறுப்பு. தொப்பி போட்டு நிழல்ல வளர்த்துக்கலாம்."

அனாட்டோல் குடிசைக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"அவன் மொர்லான்னு பேரு வாங்குவான். பள்ளிக்கூடம் போவான். ஆனா ஒண்ணு. அவன் உன்னை எர்மினின்னுதான் கூப்பிடுவான். நீ அவனை ஐயான்னு கூப்பிடணும்."

"பால் பல்லு விழாத பிள்ளையையா?"

"இப்பவே பழகிக்கோ. பின்னால கஷ்டமா இருக்காது."

என் அம்மா அன்று பெரியம்மாவோடு சண்டை போட்டாள். "பெத்த பிள்ளையைத் தூக்கிக் குடுக்குறியே, உனக்கு நெஞ்சு இருக்கா?" பெரியம்மா பையனின் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். நகக்கண்ணில் மண்பூச்சி புகுந்து புண்ணாகியிருந்தது. "இது ஷூ போட்டு நடக்கும்டி" என்றாள். மறுநாள் அவளே குளிப்பாட்டி, தலை சீவி, கல்வீட்டுப் பின்வாசலில் விட்டுவிட்டு வந்தாள்.

சீசாவுக்குப் படம் வேண்டுமென்று பெரிய தீவிலிருந்து ஓவியர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் க்ளோதில்ட் அம்மாவை வரையலாமா என்று பணிவாகக் கேட்டார். அவள் விசிறியை மூடினாள். "என்னையா? சாராயத்து மேல ஒட்டவா? அதுக்குப் பொருத்தமான மூஞ்சி பின்னால ஒண்ணு கிடக்கு."

பெரியம்மாவைக் கூப்பிட்டார்கள். கட்டம் போட்ட தலைத்துணி கட்டி, தலையில் கரும்புக்கட்டு வைத்து முற்றத்தில் நிறுத்தினார்கள். ஓவியர் சிரிக்கச் சொன்னார். உதட்டை இழுத்தாள். அது சிரிப்பாக இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. க்ளோதில்ட் அம்மா உள்ளே போய் ஃபெலிசியேனின் கையைப் பிடித்து மாடிக் கைப்பிடிக்கு அழைத்து வந்தாள். வெள்ளை ஷூவும் வைக்கோல் தொப்பியுமாக அவன் கீழே எட்டிப் பார்த்தான். பெரியம்மாவின் முகம் முழுக்க விரிந்தது.

"ம், சீக்கிரம் வரைங்க. அவனைக் குளிக்க அனுப்பணும்" என்றாள் க்ளோதில்ட் அம்மா.

வளர்ந்து, பெரிய தீவில் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்த ஃபெலிசியேனைப் பார்க்கப் பெரியம்மா தேங்காய் மிட்டாய் செய்து இலையில் மடித்துக்கொண்டு கல்வீட்டு வாசலுக்குப் போனாள். அவன்கூட இரண்டு பள்ளிக்கூட நண்பர்கள் நின்றிருந்தார்கள். அவன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். சட்டைப்பையில் கைவிட்டு ஒரு நாணயத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"மீதியை நீயே வச்சுக்கோ, எர்மினி."

"சரிங்க ஐயா" என்றாள் பெரியம்மா.

தீவில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சாராயக்காரி மகன் என்று கூப்பிட்டதற்காக ஒருத்தன் மூக்கை உடைத்திருக்கிறான். மூக்கைத்தான் உடைத்தான், அது பொய் என்று சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயத்தைத் தீவில் வாய்விட்டு யாரும் பேசமாட்டார்கள். வேலை கொடுக்கிற ஆலை அது ஒன்றுதான்.

நான் வளர்ந்ததும் லேபிள் ஒட்டும் அறையில் சேர்ந்தேன். பசைச்சட்டியும் தூரிகையுமாக ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பெண்கள். "சில்வானி, உன் பெரியம்மா மூஞ்சில பசை தடவு, நல்லா தடவு, இல்லேன்னா ஓடிப் போயிடுவா" என்று மேஸ்திரி சொல்ல எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு ஒட்டுவேன். அதற்குள் அனாட்டோல் செத்துப்போய் ஃபெலிசியேன் முதலாளி ஆகியிருந்தான். என் சொந்த அண்ணன் முறை. முகம் பார்த்துப் பேச மாட்டான். ஆள் கெட்டிக்காரன். அப்பன் காலத்து மாட்டுச் செக்கைத் தூக்கிவிட்டு நீராவி வைத்தான்.

க்ளோதில்ட் அம்மா இறந்த மறுவருடம் ஆலைக்குப் பொன்விழா வைத்தான். பிரான்சின் போர்தோ நகரத்திலிருந்து பெரிய கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள். ஆலையில் பங்கு வாங்குவதாகப் பேச்சு. பெரியம்மாவைப் படத்தில் இருக்கிற மாதிரியே உடுத்தி, சீசாக்கள் அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்கள் சீசாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் அதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

ஃபெலிசியேன் கோப்பையை உயர்த்தினான். "இந்த ரம்மின் சுவை ஒரு பெண்ணின் கையிலிருந்து வந்தது. முதல் கரும்பைப் பிழிந்ததும், முதல் சொட்டைப் பிடித்ததும் என் அம்மா க்ளோதில்ட். அவர் நினைவாகக் குடிப்போம்" என்றான்.

பிள்ளையைக் கொடுத்தபோது மறுக்காதவள், நாணயத்தை வாங்கிக்கொண்டவள், அங்கேதான் வாயைத் திறந்தாள்.

"அந்தம்மா கரும்பைத் தொட்டதே இல்ல. பிழிஞ்சது நான். உன்னைப் பெத்ததும் நான்தான்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. நான் தட்டோடு நின்றிருந்தேன். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஃபெலிசியேனுக்கு உதடு வெளுத்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு சிரித்துக்கொண்டே வந்து அவள் தோளில் கை போட்டான். அவனுக்கு ஷூ போட்ட நாளிலிருந்து அவன் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"கேட்டீங்களா? இந்தத் தீவுல யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. எங்க எல்லாரையும் பெத்தது எர்மினி அம்மாதான்."

விருந்தினர்கள் ஆரவாரமாகச் சிரித்தார்கள். போர்தோக்காரர் ஒருவர் மேசையைத் தட்டினார். "அருமையான பெயராச்சே. எர்மினி அம்மா. சீசாவில் அதையே போடுங்கள். பழைய ஓவியம் வேண்டாம், இவரையே புகைப்படம் எடுத்துப் போடுங்கள். வயதான தாய், அதே சிரிப்பு."

"அப்படியே செய்துடலாம்" என்றான் ஃபெலிசியேன். கையை அவள் தோளிலிருந்து எடுக்கவில்லை. அவன் விரல்கள் அழுத்திய இடம் கன்றிப்போயிருந்ததை அடுத்த நாள் நான் பார்த்தேன்.

புகைப்படக்காரர் வருகிற வாரம் பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு லாடக்காரன் யூஸ்தாஷிடம் போனாள். மாட்டுக்கு லாடம் அடிப்பவன் அவன், மனுஷருக்குப் பல் பிடுங்குபவனும் அவன்தான்.

"எந்தப் பல்லு வலிக்குது எர்மினிக்கா?"

"ஒண்ணும் வலிக்கல. முன்னால இருக்கிறதெல்லாம் எடுத்துடு."

"நல்ல பல்லாச்சே, நம்ம ஊர்ல பாதிப்பேருக்கு இப்படி இல்ல."

"உன் பொண்டாட்டிக்கு வேணும்னா வச்சுக்கோ. எடு."

வலி மரத்துப்போக அவன் மொர்லான் சீசாவை நீட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை. என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. இடையில் ஒருமுறை யூஸ்தாஷ் குறடைக் கீழே வைத்துவிட்டு "என்னால முடியல" என்று அழுதான். அவளே குறடை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

புகைப்படத்துக்கு மறுபடி முற்றம், மறுபடி கரும்புக்கட்டு. ஃபெலிசியேன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். "சிரிங்க, அம்மா" என்றார் புகைப்படக்காரர்.

பெரியம்மா வாயை அகலத் திறந்து சிரித்தாள். சிவந்து வீங்கிய ஈறு. ஓரத்தில் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்துவிட்டார். ஃபெலிசியேன் எழுந்தான், உட்கார்ந்தான்.

"எடுங்க" என்றான் கடைசியில். "பல்லை அப்புறம் வரைஞ்சுக்கலாம்."

வரைந்தார்கள். அவளுக்கு ஒருநாளும் இருந்திராத அளவு வெள்ளைப் பற்கள். அந்த லேபிளை ஆயிரக்கணக்கில் நான் ஒட்டியிருக்கிறேன்.

ஆனால் பெரியம்மா அதோடு விடவில்லை. ஞாயிறு பூசையில் மொர்லான் குடும்பத்துக்கு முன்வரிசையில் பெஞ்சு உண்டு. நற்கருணை அப்பம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நடைபாதை வழியாகத்தான் வரவேண்டும். அந்த ஓரத்தில் போய் அவள் உட்கார்ந்துகொள்வாள். ஃபெலிசியேன் பக்கத்தில் வரும்போது வாயைத் திறந்து காட்டுவாள். சத்தமில்லை, சாபமில்லை. வெறும் ஈறு. அவன் தாண்டியதும் மூடிக்கொள்வாள்.

பாதிரியார் சொல்லிப் பார்த்தார். "எர்மினி, கோயில்ல இது என்ன பழக்கம்?"

"கொட்டாவி வருது சாமி. வயசாச்சு."

அவன் அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போக ஆரம்பித்தான். அவள் நடந்து அங்கேயும் போனாள். பாதம் வீங்கித் திரும்புவாள். நான்தான் வெந்நீர் வைப்பேன். "விட்டுடு பெரியம்மா, ஊரே உன்னைப் பைத்தியம்னு சொல்லுது" என்றேன். "அவன் சொல்றானா?" என்று கேட்டாள். அவன் எதுவும் சொல்லவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். பிறகு அவன் பிள்ளைகளே கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கிழவி ஏன் அப்பாவைப் பார்த்தால் வாயைத் திறக்கிறாள் என்று அவன் சின்ன மகள் சாப்பாட்டு மேசையில் கேட்டு அறை வாங்கினாள் என்று சமையல்காரி சொன்னாள். அந்தப் பெண்ணும் பெரியம்மாவுக்குப் பேத்திதான்.

ஃபெலிசியேன் பங்கை மட்டும் விற்கவில்லை. ஆலை, நிலம், ஊற்று, பெயர், படம் எல்லாவற்றையும் போர்தோக்காரர்களுக்கு விற்றுவிட்டுப் பிரான்சுக்குக் கிளம்பினான். கிளம்பிய அன்று பெரியம்மா என்னைத் துறைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். பெட்டிகள் படகில் ஏறிக்கொண்டிருந்தன. பெண்டாட்டி பிள்ளைகள் முன்னாடியே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவன் கடைசியாக வந்தான். தலை நரைத்திருந்தது. பலகையில் கால் வைக்கப் போனவன் அவளைப் பார்த்தான்.

அவள் வாயைத் திறந்தாள்.

அவன் பக்கத்தில் வந்தான். சுற்றிலும் மீன்காரர்கள், சுமைகூலிகள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அவன் பொருட்படுத்தவில்லை. குரல் உடைந்து, சின்னப் பையன் குரலாக வந்தது.

"அம்மா. போதும்மா."

பெரியம்மா வாயை மூடினாள். அவன் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். அவள் அழப்போகிறாள், அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"யாருங்க ஐயா நீங்க?" என்றாள்.

அவன் நின்றான். படகுக்காரன் இரண்டு முறை கூப்பிட்டான். பிறகு திரும்பி, பலகையைப் பிடித்துப் பிடித்து ஏறினான். படகு மறைகிற வரை பெரியம்மா அங்கேயே நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மீன் வாங்கச் சொன்னாள். முள் இல்லாததாகப் பார்த்து வாங்கினேன்.