பிளாப்பிக்கு வைத்த பொட்டு

மாட்டுங்காவில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் வகுப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் இயந்திரம் கெட்டுவிடுமாம். ஏ.சி. போட்டு ஜன்னலை அடைத்த அறையில் அத்தனை பேரின் காலுறை நாற்றமும் போக வழியில்லாமல் நின்றது. நம்பிராஜனுக்கு முதல் நாளே குமட்டியது. தாராவியில் தோல் நாற்றத்தில் வளர்ந்தவனுக்குக் குமட்டுகிறதே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பி.எஸ்சி. முடித்து ஒரு வருஷமாகியும் அவன் வேலைக்கு மனுப் போடவில்லை. சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி, அது பிழையில்லாமல் ஓடிய பிறகுதான் எவன் முன்னாலும் போய் நிற்பது என்றிருந்தான். அப்பா கோமதிநாயகத்தின் தோல்பைப் பட்டறைக்கு எவ்வளவு தோல் வந்தது, எத்தனை பை ஆனது, மிச்சம் எவ்வளவு என்று சொல்லும் புரோகிராம். இயந்திரம் வாரத்தில் அரை மணிதான் கிடைக்கும். மழைக்காலம் முழுவதும் அதற்கே போனது. போன வாரம் முக்கால்வாசி ஓடியது.

"விஜயதசமியன்னிக்கு முழுசா ஓட்டிக் காட்டுடா. செம்பூர்ல நம்ம சிநேகிதர் கம்பெனிக்கு நானே அழைச்சுண்டு போறேன்" என்று ஆசிரியர் பஞ்சு சொல்லியிருந்தார்.

எல்லாம் ஒரே பிளாப்பியில் இருந்தது. காகித உறைக்குள் கிடக்கும் மெல்லிய கறுப்புச் சதுரம். இன்னொரு பிரதி எடுத்து வகுப்பு அலமாரியில் வை என்பார் பஞ்சு. யாராவது காப்பியடித்துவிடுவார்கள் என்று நம்பிராஜன் எடுக்கவில்லை. பிளாப்பியை வீட்டிலேயே பூட்டி வைத்திருந்தான்.

ஆயுத பூஜையன்று பட்டறையில் கத்தி, கத்தரி, தையல் இயந்திரம் எல்லாம் துடைத்து வைத்தாயிற்று.

"ஏல, உன் ஆயுதம் எங்க?" என்றார் அப்பா. "படிச்சவன் வெறுங்கையோட நிக்கலாமா?"

பூஜையில் நம்பிக்கை இல்லாதவன்தான். ஆனாலும் தனக்கும் ஒன்று உண்டு என்று காட்டும் ஆசை வந்தது. பிளாப்பியைக் கத்திகளுக்கு நடுவே வைத்தான்.

"அரே, இது தோல வெட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டான் வேலையாள் பிரம்மநாயகம். எல்லோரும் சிரித்தார்கள். நம்பிராஜன் வெளியே போய்ச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்தபோது பிளாப்பி உறையில்லாமல் கிடந்தது. உள்ளே சுழலும் வட்டு கொஞ்சம் தெரிகிற அந்த நீளத் துளையில் ஈரச் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"உறைய யாரும்மா கழத்துனா?"

"நாந்தான். சட்டையோடயா சாமி முன்னால வைப்பாவ?" என்றாள் அம்மா மீனாட்சியம்மாள். "அந்தச் சந்துலதான் பளபளன்னு இருந்துச்சு. அங்க வச்சேன்."

"உள்ள இருக்கதெல்லாம் போயிருக்கும்மா."

"உள்ள என்னல இருக்கு? நான் பாத்தேனே, ஒண்ணுமில்ல."

பூஜையில் வைத்ததை அன்று எடுக்கக் கூடாது. இரவு முழுவதும் சந்தனம் அதிலேயே காய்ந்தது.

மறுநாள் விஜயதசமி. ஈரத்துணியால் துடைத்து எடுத்துப் போனான். பஞ்சு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அசடே, இதை உள்ள விட்டா மெஷினும் போயிடும். நாங்களும்தான் மெஷினுக்குப் பொட்டு வெச்சோம். நெத்தியில வெச்சோம்டா, வாயிலயா வெச்சோம்?" பிறகு குரலைத் தணித்தார். "சரி, எழுதினவன் நீதானே. அரை மணி இருக்கு. தலையில இருக்கறதை அடி."

புதுப் பிளாப்பியைப் போட்டு உட்கார்ந்தான். முதல் வரிகள் வந்தன. அப்புறம் நின்றுவிட்டது. எது புத்தகத்தில் பார்த்து எழுதியது, எது பஞ்சு பின்னால் நின்று சொன்னது, எது தற்செயலாகச் சரியாக வந்ததால் தொடாமல் விட்டது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஏன் ஓடியது என்று அவனுக்குத் தெரிந்ததே இல்லை. இதையா பூட்டி வைத்தேன்? விரலில் இன்னும் சந்தன வாசனை இருந்தது.

"போறும் விடு. போன வாரம் ஓடினதை நான் பார்த்தேனே" என்றார் பஞ்சு. "திங்கக்கிழமை செம்பூர் போலாம்."

நம்பிராஜன் நாற்காலியை இயந்திரத்துக்கு இன்னும் அருகே இழுத்துக்கொண்டான்.

"வேண்டாம் சார்."

அடித்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். அடுத்தவன் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்கும்வரை மூன்று வரிதான் வந்தது. அந்த மூன்றும் ஏன் அங்கே இருக்கின்றன என்று தெரிந்தது. மறக்காமல் இரண்டாவது பிரதி எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, வெளியே போய்ச் செருப்பைத் தேடினான்.