ஏழு நாள் முன்னறிவிப்பு

மனு கொடுத்தவரின் வீட்டுக்கு விசாரிக்கப் போவதற்கு ஏழு நாள் முன்பே, மனு விவரத்தோடு குடும்பத் தலைவனுக்குக் கடிதம் போக வேண்டும் என்பது நலத்துறை விதி. அந்த விதியை எழுதிய புண்ணியவான் ஒருநாளும் அடி வாங்கியிருக்க மாட்டான். பத்து வருடமாகக் களப்பணியாளர் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடிதத்தை அனுப்பிவந்தாள். புருஷனின் அடி தாங்காமல் காப்பகத்தில் இடம் கேட்டு வந்த தையல்காரியின் மனுவுக்கும் அப்படியே அனுப்பினாள்.

எட்டாம் நாள் காலை, கதவைத் திறந்தவன் புருஷன்.

"வாங்க மேடம், உங்களுக்காகத்தான் லீவு போட்டிருக்கேன்."

தையல் மெஷின் கவிழ்ந்து கிடந்தது. சுவரில் ரத்தம் காய்ந்திருந்தது. மூலையில் தையல்காரி, முன்பற்கள் இல்லை, வலது கை விரல்கள் நசுங்கிக் கறுத்திருந்தன.

"அந்த மெஷினைத்தான் கைமேல போட்டேன். இனிமே இவ எப்படி மனுவுல கையெழுத்துப் போடுறாள்னு பாக்குறேன்."

களப்பணியாளர் அவன் முன்னால் போய் நின்றாள். "உன்னை ஜெயில்ல தள்ளாம விடமாட்டேன்டா!"

"என்னை ஏன் திட்டுறீங்க? இவ மனு கொடுத்தது எனக்கு எப்படித் தெரியும்?" அவன் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தான். "இது உங்க கையெழுத்துதானே?"

தையல்காரி தலை நிமிர்ந்தாள். அடித்தவனை அவள் பார்க்கவேயில்லை.

"அக்கா, நீங்களா சொன்னீங்க?"