வசவு நோட்டு

ஊதுபத்தியைச் சவப்பெட்டிக்கு முன்னால் செருகி மூன்று முறை குனிந்து எழுந்த கூட்டாளி செங் போ, நேராக இறந்தவரின் மனைவி கிம் லுவானின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணி, செவ்வாய்க்கிழமை காலையில அண்ணனத் திட்டினீங்களா?"

இறந்தவருக்காக எரிக்கும் தங்கத்தாளை மடித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. இரண்டு நாளாக நெஞ்சை அறுத்ததே அதுதான். ஏழு மணிக்குத் திட்டினாள். பத்து மணிக்குக் கணவர் தேக் ஹுவாட் குளியலறையில் சரிந்து விழுந்தார்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அன்னிக்கு அண்ணன்கிட்டேருந்து போன் வரல. அதான் கேக்கறேன்." பையிலிருந்து தடித்த நோட்டு ஒன்றை எடுத்தார்.

தேக் ஹுவாட் தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றது முதல் அவருக்கும் செங் போவுக்கும் ஒரே வேலை. இன்ன விதிப்படி பங்கு வாங்கி விற்றிருந்தால் லாபம் வந்திருக்குமா என்று பழைய வருடங்களின் விலைகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். மழை நாள், பௌர்ணமி, எதையும் விடவில்லை. நிஜத்தில் ஒரு பங்குகூட வாங்கியதும் இல்லை. "ஓடி முடிச்ச பந்தயத்துல எந்தக் குதிரை ஜெயிக்கும்னு எனக்குந்தான் தெரியும்" என்று பினாங்கு முழுக்கக் கேட்கும்படி அவள் கத்தியிருக்கிறாள்.

அந்த வசவும் நோட்டில் இருந்தது. தேதி, காரணம், சத்தத்துக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண். பதினோரு வருடம்.

"நீங்க திட்டின நாள்ல வாங்கி, திட்டாத நாள்ல வித்தா என்னாகும்னு பாத்தோம் அண்ணி. முதல் அஞ்சு வருஷம் லாபம் கொட்டுச்சு."

"அப்புறம்?" அவளையறியாமல் கேட்டுவிட்டாள்.

"அதே விதிய அடுத்த ரெண்டு வருஷத்துல வெச்சா, மொத்தமும் நஷ்டம். உங்க வாய்க்கும் சந்தைக்கும் சம்பந்தமே இல்ல. அது தெரிஞ்சு நாலு வருஷமாச்சு."

"பின்ன இதெல்லாம் என்ன?" போன வாரத்துப் பக்கத்தைத் தட்டினாள்.

"நிறுத்திடலாம்னேன். 'நீ எழுதுடா'ன்னுட்டார்."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். "இது ஞாயித்துக்கிழமை. சந்தைக்கு லீவாச்சே?"

"லீவுதான் அண்ணி."

இன்னும் புரட்டினாள். போன வருடம் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளுக்கும் வரிசையாக ஒன்பது பூஜ்யம். அதையும் தினம் போன் செய்து சொல்லியிருக்கிறார் மனிதர்.

அவள் நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். செங் போ தட்டிலிருந்த வேர்க்கடலையை ஓசைப்படாமல் உடைத்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமை, எழுதிக்குங்க. சக்கரை வியாதிய வெச்சுக்கிட்டு காபியில ரெண்டு கரண்டி இனிப்புக் கெட்டிப்பால் ஊத்தினதுக்கு."

"சத்தம்?"

"மூணு." அவர் பேனாவை ஊன்றியதும், "இல்ல, நாலு போடுங்க" என்றாள்.

அதற்குள் சடங்கு செய்பவரின் ஆள் அட்டைப்பெட்டியுடன் வந்தான். "அவர் பொழங்கின சாமான்லாம் குடுங்கம்மா, எரிக்கணும்."

கண்ணாடி, செருப்பு, நீலச் சட்டை என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.

"அந்த நோட்டு?"

"எந்த நோட்டு?" என்று கேட்டுக்கொண்டே அதைச் செங் போவிடமிருந்து வாங்கித் தன் நாற்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, அடுத்த தங்கத்தாளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.