உச்சிவெயிலில் திறந்த வால்வு

டப்!

மொட்டை மாடியிலிருந்து முதல் சத்தம் வந்தபோது பிளம்பர் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தான். இரண்டாவது சத்தத்துக்குக் கையில் சோப்பு நுரையோடு படியில் இருந்தான். அதற்கப்புறம் எண்ணவில்லை.

அவன் அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு அது. அந்த வீட்டில் ஆறு வருஷத்தில் அவள் பேச்சு எடுபட்ட முதல் காரியம் இந்த சோலார் ஹீட்டர். மாமியார் கேஸ் ஹீட்டர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்க, "என் தம்பி பூட்டுவான், பொறுப்பு என்னோடது" என்று சொல்லி வாங்கவைத்திருந்தாள். இது சொதப்பினால் இனி உப்பு வாங்குவதற்குக்கூட அவளை யாரும் கேட்க மாட்டார்கள். அதனாலேயே அவன் காலையிலிருந்து பார்த்துப் பார்த்துச் செய்தான். சட்டத்தைச் சரிவாக நிறுத்தி, கண்ணாடிக் குழாய் பதினைந்தையும் மேல்தொட்டியில் செருகியாயிற்று. தண்ணீர் மட்டும் விடவில்லை. வெயிலில் காலியாகக் கிடக்கும் குழாய், அடுப்பில் மறந்துபோன வாணலி மாதிரி. அதில் பச்சைத்தண்ணீர் பட்டால் விண்டுவிடும். "பொழுது சாஞ்சு, குழா ஆறினப்புறம்தான் திறக்கணும்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்கினான்.

மேலே நான்கு குழாய்கள் பிளந்து, ஆவியும் தண்ணீருமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வால்வுக்குப் பக்கத்தில் அக்கா. கசியாமலிருக்க டேப் இன்னும் சுற்றாத மூட்டு அது; திறந்த வேகத்தில் பீய்ச்சியடித்திருக்கிறது. திறந்தவளின் ரவிக்கைக் கை முழங்கை வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"வெந்நி வருமா, இல்ல அண்ணாந்து பாக்கத்தானான்னு காலையிலேருந்து அத்தை குத்திட்டே இருந்தாங்கடா. அவங்க குளிக்கறதுக்குள்ள..."

அவன் வால்வை மூடுவதற்கும் மாமியார் மூச்சிரைக்கப் படியேறி வருவதற்கும் சரியாக இருந்தது. யோசிக்க ஒரு நொடி கிடைத்தது. தெருவில் இன்னும் நாலு வீட்டில் வேலை கேட்டு வைத்திருந்தான். பேர் கெட்டு அது போனால் போகிறது.

"நான்தான் அத்தே திறந்தேன். அவசரப்பட்டுட்டேன். குழா நான் மாத்தித் தரேன்."

"உனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும். புத்தி கெட்டுப்போச்சு."

மாமியார் அவனைப் பார்த்தாள். காய்ந்து கிடந்த அவன் சட்டையைப் பார்த்தாள். பிறகு மருமகளின் கையையே வெகுநேரம் பார்த்தாள். அக்கா அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தெரிந்துவிட்டது. இனி வாயைத் திறந்தால் இடிதான் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"திறக்கக் கூடாதுன்னு இவன் என்கிட்டல்ல சொன்னான்" என்றாள் மாமியார், மருமகளிடம். குரல் பாதியில் இறங்கியது. "உன்கிட்ட யாரு சொன்னா?"



பிளந்த குழாய்களிலிருந்து மிச்சத் தண்ணீர் தளத்தில் ஓடி, மூலையில் இருந்த வடிகாலைத் தேடிப் போயிற்று. துணி காயப்போடும் கொடிக்குக் கீழே கவிழ்ந்திருந்த வாளியை எடுத்து, மாமியார் ஒழுகும் இடத்தில் வைத்தாள். அதில் சேர்ந்த தண்ணீரில் விரலை விட்டவள் சட்டென்று எடுத்தாள்.

"சுடுதுடி" என்றாள்.

அக்கா தயங்கித் தயங்கி வந்து, நனைந்த கையையே வாளிக்குள் நீட்டினாள்.