சாயங்கால ஷிப்டுக்கு ஏழு பேர்

ஞாயிறு காலை பத்து மணிக்கு, டீச்சர் டியூஷன் எடுக்கும் மாடி அறையில் கூடினோம். கரும்பலகைக்குக் கீழே நாற்காலியில் டீச்சர். ஜன்னலோர பெஞ்சில் டிரைவர். அவருக்குப் பின்னால் அண்ணனும் தங்கையும். இருவருக்குமே அப்பா வழியில் வந்த சிறுநீரக நோய். கதவை ஒட்டி வெல்டர். எழுதுவதற்கு மேசை வேண்டும் என்பதால் நான் டீச்சருக்கு எதிரே. நடு பெஞ்சில் தனியாக எலக்ட்ரீஷியனின் மனைவி. அவரை நாங்கள் அழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சாயங்கால டயாலிசிஸை மாதக் கடைசியோடு நிறுத்தப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஏழு நோயாளிகள் எழுதிக் கேட்டால் நிறுத்தமாட்டார்கள். நாங்கள் சரியாக ஏழு பேர். எல்லோரும் ஒன்றாக இருப்பது இயந்திரத்தில் படுத்திருக்கும்போதுதான் என்று, அங்கேயே கையெழுத்து வாங்கினேன். நான்கு பேருக்கு வலது கையில் ஊசி. இடது கையால் கிறுக்கினார்கள். 'ஒரே ஆள் போட்டதுபோல் உள்ளது' என்று வெள்ளிக்கிழமை மனு திரும்பி வந்தது. தவறு என்னுடையது.

அதற்கு முன்பே, புதன்கிழமை, எங்களில் ஏழாமவரான எலக்ட்ரீஷியன் இறந்துவிட்டார். மறுநாள் அவருடைய இயந்திரத்தைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்து இயந்திரத்தில் நான்கு மணி நேரம் படுத்திருந்தேன். எதுவும் தோன்றவில்லை. உடம்பிலிருந்து இரண்டு லிட்டர் நீர் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

"நம்ம கூட்டத்துக்கு வந்தா ஒரு வாய் தண்ணிகூடக் கிடைக்காது," என்றார் டிரைவர். எங்கள் எல்லோருக்கும் தண்ணீர் அளந்துதான்.

"சார், ஏழுன்னே எழுதுங்க," என்றார் வெல்டர். "அவர் கையெழுத்துதான் பழைய தாள்ல இருக்கே. அதப் பாத்து யாராவது போட்டுடுங்க. பகல்ல லீவு கேட்டா நாளைக்கே வேற ஆளப் போட்டுடுவேன்னு முதலாளி சொல்லிட்டாரு."

"ஏம்ப்பா, அந்தம்மா முன்னாடியே பேசற?" என்றார் டிரைவர்.

"அவங்க பின்னாடி பேசினா மட்டும் மிஷின் ஓடுமாண்ணே?"

எலக்ட்ரீஷியனின் மனைவி நிமிர்ந்தார். "தம்பி, அவர் போனது ஆஸ்பத்திரிக்குத் தெரியாதா? அவங்கதானே கட்டி அனுப்பினாங்க."

பழைய தாளை மடித்து ஓரமாக வைத்தேன்.

"அவர் இடம் சும்மாத்தானே கிடக்கு," என்றார் எலக்ட்ரீஷியனின் மனைவி. "பைண்டிங் கடைக்காரர் ஒருத்தர் தினமும் சாயங்காலம் வெளி பெஞ்சில உக்காந்திருப்பாரு. யாராவது வரலைன்னா அந்த மிஷினுக்கு அவரைக் கூப்பிடுவாங்க. ரெண்டு வருஷமா எனக்குப் பேச்சுத்துணை அவர்தான். கீழ நிக்கிறாரு. நாந்தான் கூட்டிட்டு வந்தேன்."

 தங்கை எழுந்து போய்க் கூப்பிட்டாள்.

கழுத்தில் போட்டிருந்த டயாலிசிஸ் குழாயை மறைக்கத் துண்டு சுற்றிய ஒருவர் வந்தார். நடு பெஞ்சைப் பார்க்காமல் என் பக்கத்தில் நின்றார்.

"எந்தக் கையால போடணும் சார்?"

"சாப்பிடற கையாலயே போடுங்க," என்றார் டிரைவர். "உங்களுக்கு இன்னும் கையில ஊசி ஏறல."

மனுவை முதலிலிருந்து எழுதினேன். முன்பு ஏன் கையெழுத்துகள் கோணலாக இருந்தன என்பதற்கு ஒரு பத்தி. எங்களில் ஒருவர் இறந்துவிட்டார், அவர் இடத்தை நெடுநாள் காத்திருக்கும் இவருக்குத் தந்து சாயங்கால ஷிப்டைத் தொடர வேண்டும் என்று ஒரு பத்தி. உரக்க வாசித்தேன்.

"எங்க வீட்டுக்காரர் பேரு போடலையே," என்றார் எலக்ட்ரீஷியனின் மனைவி.

போட்டேன். ஏழு பேரும் உட்கார்ந்து, பொறுமையாகக் கையெழுத்திட்டோம்.

உறையை ஒட்ட நாக்கில் வைத்தேன். ஈரமே இல்லை. பைண்டிங் கடைக்காரர் அதை வாங்கி, டீச்சரின் பசையைத் தடவி, ஓரத்தை நகத்தால் நீவிக் கொடுத்தார். தெருமுனைத் தபால் பெட்டி வரை எல்லோரும் நடந்தோம். உறையை உள்ளே தள்ளினேன். வெல்டர் விரலை விட்டு, விழுந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தார். விழுந்திருந்தது.